ஆதித்யாவின் இடம் மாறிய கதை

2019 டிசம்பர் 26 காலையில் அழகர்கோவிலுக்கு வடக்கே, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள் சூரியனை நெருப்பு வளையமாகப் பார்த்தார்கள். கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் சூரிய ஆய்வாளர்கள் காலங்காலமாகத் துரத்தும் ஒன்று அன்று தெரியவில்லை. அது சூரியனைச் சுற்றிப் படர்ந்திருக்கும் கரோனா. சூரிய வட்டின் பிரகாசத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அதன் ஒளி. மெல்லிய வளையம் மிஞ்சினாலே போதும், கரோனா கண்ணுக்குத் தப்பிவிடும். நிலா சூரியனை முழுக்க மறைத்தால்தான் தெரியும், அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டும்.

அந்தச் சில நிமிடங்கள் போதவில்லை என்ற ஏக்கத்தில் பிறந்ததுதான் சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா. 1980 பிப்ரவரி 16 அன்று தென்னிந்தியாவைக் கடந்த முழு கிரகணத்தின்போது, இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் வைனு பாப்பு, ஜகதேவ் சிங் என்ற இளம் விஞ்ஞானியைக் கரோனா ஆய்வின் பக்கம் திருப்பினார். அதன்பின் ஜகதேவ் சிங் கிரகணங்களைத் தேடி நாடு நாடாகப் போனார். ஒவ்வொரு முறையும் கிடைத்தது கைவிரல் விட்டு எண்ணும் நிமிடங்கள். சூரிய வட்டைக் கருவிக்குள்ளேயே மறைத்து, எந்நேரமும் கிரகணம் போலக் காட்டும் கரோனாகிராஃபை விண்வெளிக்கு அனுப்பினால் என்ன என்ற யோசனை வலுப்பட்டது. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் வரும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம்தான் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வேர். 1971இல் அது தன்னாட்சி பெற்ற நிறுவனமாகி, பின்னர் பெங்களூரில் தலைமையகம் கொண்டது.

2008இல் உருவான முதல் திட்டத்தின் பெயர் ஆதித்யா-1. சுமார் 400 கிலோ எடையில் சிறிய செயற்கைக்கோள், 800 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் பாதை, முதன்மைக் கருவியாக அந்தக் கரோனாகிராஃப். பின்னர்தான் கேள்வி எழுந்தது: பூமியைச் சுற்றிக்கொண்டே சூரியனைப் பார்ப்பானேன்? பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் போனால் எல்1 என்ற லக்ராஞ்சு புள்ளி வருகிறது. சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் அங்கே ஒத்துழைப்பதால், அந்தப் புள்ளியைச் சுற்றும் கலம் பூமியோடு சேர்ந்தே சூரியனை வலம் வரும். கிரகணமோ இரவோ இல்லை. சூரியன் ஒருநாளும் கண்ணைவிட்டு மறையாது.

இடம் மாறியதும் திட்டத்தின் தன்மையே மாறியது. இந்த விஷயத்தில் நாம் அதிகம் பேசாத பகுதி இதுதான். 800 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் காந்தப்புலம் நம்மைப் போர்த்தியிருக்கிறது. சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களை அங்கே உள்ளபடி அளக்க முடியாது. எல்1 அந்தப் போர்வைக்கு வெளியே இருக்கிறது. அங்கே சூரியக் காற்று பூமியைத் தொடுவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே வந்து சேர்கிறது. ஆகவே, கரோனாவைப் படம் பிடிப்பவர்கள் மட்டும் இருந்தால் போதாது என்றாகிவிட்டது. துகள்களையும் காந்தப்புலத்தையும் அளப்பவர்கள் தேவைப்பட்டார்கள். எக்ஸ் கதிரில் சூரிய வெடிப்புகளைப் பார்ப்பவர்களும் வேண்டியிருந்தது. புனேயின் ஐயுகா புறஊதாத் தொலைநோக்கியைத் தந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடமும் திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடமும் துகள் கருவிகளைத் தந்தன. பெங்களூரின் யு.ஆர்.ராவ் மையத்திலிருந்து இரண்டு எக்ஸ் கதிர்க் கருவிகள், எல்இஓஎஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து காந்தமானி. ஒற்றைக் கருவியை மையமாக வைத்த திட்டம் ஏழு கருவிகளின் கூட்டானது. எடை 1,475 கிலோ அளவுக்கு ஏறியது.

புதிதாக வந்தவர்களுக்காகக் கலத்தின் வடிவமும் மாற வேண்டியிருந்தது. காந்தமானிக்காரர்களின் பாடு அதற்குச் சாட்சி. எல்1இல் காந்தப்புலம் மிக மெலிது. கலத்துக்குள் ஓடும் மின்சாரமே அதைவிட வலுவான புலத்தை உண்டாக்கிவிடும். அதனால் உணர்விகளைக் கலத்திலிருந்து தள்ளி வைக்க 6 மீட்டர் நீளக் கை ஒன்று தேவைப்பட்டது. மடித்த நிலையில் ராக்கெட்டில் ஏறிய அந்தக் கை, 2024 ஜனவரி 11 அன்று விண்வெளியில் விரிந்தது. 190 கிலோ எடையுள்ள கரோனாகிராஃபுக்கோ கலம் அசையாமல் சூரியனை நோக்கி நிற்க வேண்டும். இப்படி ஒருவர் தேவை இன்னொருவர் தேவையோடு மோதும்போதெல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அந்தப் பொறுப்பின் தலைமையில் இருந்தவர் செங்கோட்டை நிகர் ஷாஜி. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்றவர்.

இதே மாதிரி அமெரிக்காவிலும் நடந்தது. 2012இல் அந்நாட்டு உளவுத் துறை, 2.4 மீட்டர் ஆடி கொண்ட இரண்டு தொலைநோக்கிகளை நாசாவுக்குக் கொடுத்தது. அதைவிடச் சிறிய ஆடியோடு திட்டமிட்டிருந்த விண்வெளித் தொலைநோக்கியை அந்தப் பெரிய ஆடிக்கேற்ப மறுபடி வகுக்க, விஞ்ஞானிகள் குழு கூட்டப்பட்டது. வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் பார்க்க ஒரு கரோனாகிராஃப் சேர்ந்தது. அதுதான் இன்றைய ரோமன் தொலைநோக்கி.

இத்தனை மாற்றத்தால் ஆதித்யா தாமதமானது என்று குறை சொல்வோர் உண்டு. 2008 எங்கே, பி.எஸ்.எல்.வி. சி-57 ஏறிய 2023 செப்டம்பர் 2 எங்கே! எனக்கு அந்தக் குறையில் உடன்பாடில்லை. முன்பே போயிருந்தால் சூரியனின் முந்தைய சுழற்சியைத்தான் பார்த்திருக்கும். அது மந்தமான சுழற்சி. 2024 ஜனவரி 6 அன்று எல்1ஐ அடைந்த கலத்துக்கு எதிரே சூரியன் தன் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 22 அன்று நிகழ்ந்த மாபெரும் வெடிப்பைப் புறஊதாத் தொலைநோக்கி படம் பிடித்தது. மே மாதம் வீசிய சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லே வானமே சிவந்தது. அப்போது எக்ஸ் கதிர், துகள், காந்தக் கருவிகள் அனைத்தும் விழித்திருந்தன. கரோனாகிராஃபோடு மட்டும் நின்றிருந்தால் அந்தப் புயலின் பாதிக் கதைதான் நமக்குக் கிடைத்திருக்கும்.

ஆட்களைச் சேர்க்கும் வேலை ஏவுதலோடு முடியவில்லை. நைனிடால் ஆரீஸ் நிறுவனமும் இஸ்ரோவும் ஹல்துவானியில் அமைத்த உதவி மையம், கருவி செய்த நிறுவனங்களுக்கு வெளியே இருக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இந்தத் தரவுகளைக் கையாளப் பயிற்சி தருகிறது. தரவுகள் இப்போது இஸ்ரோவின் இணையக் கிடங்கில் பொதுவில் கிடைக்கின்றன. கொடைக்கானல் நூறாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்களும் எண்மமாக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து சூரியக் கரும்புள்ளிகளின் வரலாற்றைத் தொடர்வதற்கு மதுரைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறைக்குத் தேவை ஒரு கணினி, வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர், பைத்தான் தெரிந்த இரண்டு மாணவர்கள்.