"பரவாயில்லை டாக்டர்!" - வலியை மறைக்கும் ஒற்றை வார்த்தை

"இப்போ வலி எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்கிறார். மூன்று வாரமாக இரவில் புரண்டு புரண்டு படுத்தவர், அந்த நிமிடத்தில் சொல்வது, "பரவாயில்லை டாக்டர்!" மாடிப்படி ஏற முடியாததும், பேரனைத் தூக்க முடியாததும் டாக்டரின் காதுக்குப் போவதே இல்லை.

சர்க்கரையை அளப்பதுபோல வலியை ரத்தப் பரிசோதனையில் அளக்க முடியாது. ஸ்கேனும் காட்டிக்கொடுக்காது. அனுபவிப்பவர்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் பல நாட்டு மருத்துவமனைகள், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே மொபைலிலோ டேப்லெட்டிலோ நோயாளியிடம் கேள்விகளைக் கொடுத்துவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவில் 2013-ல் தொடங்கிய இப்படியொரு திட்டத்தை வொலங்காங் பல்கலைக்கழகம் நடத்துகிறது. வலி எவ்வளவு என்பதோடு கேள்வி நிற்பதில்லை. தூக்கம், நடை, வேலை, மனநிலை எல்லாம் கேட்கப்படுகின்றன. சிகிச்சை முடியும்போதும், சில மாதங்கள் கழித்தும் அதே கேள்விகள் வருகின்றன. வலியின் எண் பெரிதாகக் குறையாவிட்டாலும், ஒருவர் நன்றாகத் தூங்கி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தால் அது பதிவாகிவிடும்.

இதனால் பலன் உண்டா? புற்றுநோய் சிகிச்சையில் இதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. நியூயார்க்கில் நோய் பரவிய நிலையில் இருந்த 766 பேரிடம் நடந்த ஆய்வு அது. ஒரு பிரிவினர் வலி, வாந்தி, மூச்சுத்திணறல் உள்ளிட்ட 12 தொந்தரவுகளை ஆன்லைனில் பதிவு செய்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 26 மாதங்கள். பதிவு செய்தவர்களுக்கோ 31.2 மாதங்கள்! கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்களுக்கே பல பலன்கள் கூடுதலாகக் கிடைத்தன என்பதுதான் ஆச்சர்யம்.

ஆனால், கேள்வித்தாள் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. தொந்தரவு கூடியதும் நர்ஸுக்கு இமெயில் போனது. அவர்களும் பெரும்பாலும் உடனே நடவடிக்கை எடுத்தார்கள். படிக்க ஆள் இல்லாத பதிவு, நோயாளிக்கு இன்னொரு வேலை மட்டுமே.

உங்கள் மருத்துவமனையில் இந்த வசதி இல்லையா? டாக்டர்கள் பயன்படுத்தும் 'பெக்' என்ற மூன்று கேள்விகளை வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம்:

* கடந்த ஒரு வாரத்தில் வலி சராசரியாக எவ்வளவு?
* வாழ்க்கையின் சந்தோஷத்தை அது எவ்வளவு கெடுத்தது?
* அன்றாட வேலைகளை எவ்வளவு தடுத்தது?

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டர் கேட்கும்போது, "பரவாயில்லை" என்பதற்குப் பதிலாக அந்தக் குறிப்பை நீட்டுங்கள்.