காதுக்குள் ஒரு ஜால்ரா

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் வட்டாரத்து மக்களுக்கு அம்மன் கொடையும் தசராவும் இரு கண்கள். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் ஆலயத்தில் தசராக் கொடி ஏறியதும், சுற்று வட்டாரக் கிராமங்களில் காப்புக் கட்டி வேடமணிந்த பக்தர்கள் குழுக் குழுவாகப் புறப்பட்டுக் காணிக்கை பெறுவார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் நிறைவுறும் வரை மேளமும் பாட்டும் ஓய்வதில்லை. ஊர்க் கொடைகளிலோ வில்லுப்பாட்டோடு இக்காலத்தில் இன்னிசைக் கச்சேரியும் இடம்பெறுகிறது.

அத்தகைய மேடைகளின் முன்வரிசையில் அமரும் முதியோர் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். டிரம்ஸ் வாசிப்பவரின் காதில் ஓர் இயர்போன் செருகப்பட்டிருக்கும். 'அம்மன் சந்நிதியில் பாடும்போது கைப்பேசியா கேட்கிறார்?' என்று மனம் வருந்துவோரும் உண்டு. அவர் கேட்பது பேச்சு அன்று, தாளம். 'டக், டக்' என்று சீராக ஒலிக்கும் அந்தத் தட்டலை இசைக் கலைஞர்கள் 'கிளிக்' என்பார்கள்.

ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுவால் வயலின் வரிசையையும் கோரஸ் பாடுவோரையும் ஊர் ஊராக அழைத்துச் செல்ல இயலாது. ஆகவே அப்பகுதிகளை முன்கூட்டியே பதிவு செய்து கீபோர்டில் வைத்துக்கொள்கிறார்கள். பதிவான இசை ஒரே வேகத்தில் ஓடும்; எவருக்காகவும் காத்திராது. டிரம்ஸ்காரர் இம்மியளவு முந்தினாலும் பிந்தினாலும் பாட்டு இரண்டாகப் பிளந்துவிடும். அதனைத் தவிர்க்கவே, கீபோர்டிலிருந்து கிளிக் ஒலியைத் தனியே பிரித்து அவர் காதுக்கு அனுப்புகிறார்கள்.

இம்முறை திரைப்படத்துறை தந்த கொடை. 1930-களில் ஹாலிவுட்டில் படச்சுருளில் சீரான இடைவெளியில் துளையிட்டு, அதனால் எழும் 'டக்' ஒலியை இசைக் கலைஞர்களுக்குக் காதொலிக் கருவி வழியே கேட்கச் செய்தார்கள். படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். 12 சட்டங்களுக்கு ஒரு தட்டு என்றால் அரை நொடிக்கு ஒன்று, நிமிடத்திற்கு 120. பின்னர் 1983-இல் 'மிடி' என்னும் பொது ஏற்பாடு வந்தபோது, வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகளும் தாளக் கருவிகளும் ஒரே கால அளவைப் பகிர்ந்துகொள்ள வழி பிறந்தது.

கருவி புதிதே ஒழிய, தேவை பழையது. குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னே முழவும் நின்ற ஒழுங்கினைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை விவரிக்கிறது. நாதஸ்வரக் கச்சேரியில் தாளம் போடுபவர் ஓரமாக நின்றாலும், அனைவரையும் ஒரு சரட்டில் கோப்பவர் அவரே. வில்லுப்பாட்டில் ஜால்ராவும் கட்டையும் செய்வதும் அப்பணியே. அந்த ஜால்ரா இன்று காதுக்குள் புகுந்துகொண்டது.

'வெளியே ஒலிபெருக்கியில் கேட்கும் இசைக்கு ஏற்ப வாசித்தால் போதாதா?' என்று கேட்கலாம். போதாது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளிக் கட்டிய ஒலிபெருக்கியின் ஓசை, மேடைக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தியே வந்து சேரும். நிமிடத்திற்கு 120 தட்டு உள்ள பாட்டில், அது ஒரு தட்டின் ஐந்தில் ஒரு பங்கு. அதனைப் பின்பற்றினால் தாளம் தள்ளாடும். காதருகே ஒலிக்கும் கிளிக்குக்கோ கடக்க வேண்டிய தொலைவு இல்லை.

இணைக்கும் முறையும் எளிதே. கீபோர்டின் பின்புறம் இடம், வலம் என இரு ஒலிவழிகள் இருக்கும். பாட்டின் இசை முழுவதையும் இடவழியில் வைத்து மைக்செட்காரரின் மிக்ஸருக்கு அனுப்புவார்கள். கிளிக்கை மட்டும் வலவழியில் வைத்து, டிரம்ஸ்காரரின் காதொலிப் பெட்டிக்கு அனுப்புவார்கள். கூடுதல் ஒலிவழிகள் உள்ள கீபோர்டுகளில், கிளிக்குக்கென்று அவற்றுள் ஒன்றை ஒதுக்கிவிடலாம். பாட்டு தொடங்குமுன் நான்கு தட்டுகள் காதில் ஒலிக்கும். டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டிக் காட்ட, அனைவரும் ஒருசேரத் தொடங்குவார்கள்.

இதில் இரு கவனங்கள் வேண்டும். வயரை மாற்றிச் செருகிவிட்டால் கிளிக் ஒலி ஊர் முழுவதும் கேட்கும். அம்பாள் பாடலின் நடுவே ஆணி அடிப்பது போலாகிவிடும். விழா தொடங்குமுன் பாட்டினை நிறுத்திக் கிளிக்கை மட்டும் ஓடவிட்டு, ஒலிபெருக்கி மௌனமாக இருக்கிறதா என்று சோதித்தால் இது நேராது. மற்றொன்று, மேள ஓசையை மீறிக் கேட்பதற்காகக் காதில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது இளம் கலைஞர்களின் செவிக்கே கேடு. வெளியோசையைத் தடுத்துக் காதை நன்கு அடைக்கும் இயர்போன் இருந்தால் குறைந்த ஒலியே போதும்.

எனினும் ஆலயத்தில் எழும் மெய்யான கேள்வி கருவியைப் பற்றியது அன்று. யார் யாரைப் பின்தொடர்வது என்பதைப் பற்றியது. கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கதை உச்சத்தை எட்டும்போது சாமியாடியின் மேல் அருள் இறங்கும். அந்த நேரத்தில் உடுக்கையும் குடமும் அவர் அடிகளைப் பார்த்தே விரையும். அவர் நின்றால் தாமும் தணியும். அண்ணாவியின் கண் சாமியாடியின் மேலேயே இருக்கும். கிளிக்குக்குக் கண் இல்லை. அருள் வந்தவர் துடித்து நிற்க, பதிவான பாட்டு தன் போக்கில் ஓடி முடிந்தால், அங்கே சந்நிதிக்குரிய பணி தவறிவிடுகிறது.

இதனால் கிளிக்கைப் பழிக்க வேண்டியதில்லை. ஓடாமலும் இழுக்காமலும் காலப்பிரமாணம் காப்பது நம் இசையிலும் பெருங்குணமே. மேடைப் பாடலுக்கு அது துணை. சாமியாட்டத்தின் போதோ, பதிவினை நிறுத்தி, இயர்போனைக் கழற்றி வைத்து, கண்ணால் பார்த்துக் கையால் வாசிப்பதே முறை. அதற்கு அந்தக் கையில் தாளம் முன்பே ஊறியிருக்க வேண்டும். கிளிக் இல்லாமல் வாசிக்கத் தெரிந்தவருக்கே கிளிக் உதவும்.

விழாக் குழுவில் உள்ள பெரியவர்கள் கச்சேரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே மூன்றினைக் கேட்டுத் தெளியலாம். தாள ஒலி வெளியே கசியாதபடி ஏற்பாடு உண்டா? பதிவினை நடுவில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்து வாசிக்கக் கூடியவர்கள் வருகிறார்களா? சாமியாட்ட வேளையில் உடுக்கையும் மேளமும் அறிந்த ஒருவரேனும் மேடையில் இருப்பாரா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வரும் ஊரில், வில்லுப்பாட்டுக் கலைஞருக்கும் வேலை இருக்கும். அவரிடம் கற்றுக்கொள்ள இளைஞரும் இருப்பர். அன்னை முத்தாரம்மன் அருளால் அந்த மரபு தழைக்கட்டும்.