புதிய வளவில் வீட்டுத்தோட்டம்: அயலவரிடம் கேட்டறிய வேண்டியவை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் புதிதாக வளவு வாங்கிக் குடியேறுவோரும், நெடுங்காலம் பிரிந்திருந்த தம் காணிக்குத் திரும்புவோரும் முதலிற் செய்ய விரும்புவன இரண்டு: வீட்டைத் திருத்துதல், வீட்டைச் சுற்றிப் பயன்தரும் பயிர்களை நாட்டுதல். இவ்விரண்டையும் அவசரமாகத் தொடங்கிக் கைப்பொருளையும் ஒரு மாரி காலத்தையும் வீணே இழந்தோர் பலர். குடாநாட்டின் மண்ணும் நீரும் குறிச்சிக்குக் குறிச்சி வேறுபடுவன. ஒரு கிணற்றில் நன்னீர் இருக்க, அடுத்த ஒழுங்கையிலுள்ள கிணற்றில் உவர்நீர் ஊறுவதுண்டு. இத்தகைய செய்திகளை அவ்விடத்திற் பல ஆண்டுகளாக வாழ்ந்து பயிர்செய்தோரே நன்கு அறிவர். அவர்களிடம் எவற்றை, எவ்வாறு கேட்டறிவது என்பதை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

யாரிடம் கேட்பது?

ஒருவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்தல் கூடாது. வளவில் முருங்கையும் கத்தரியும் செழிப்பாக வைத்திருக்கும் குடும்பப் பெண், கிணறு வெட்டும் தொழிலாளி, ஆடு மாடு வளர்ப்பவர், முதிய கமக்காரர் ஆகிய ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை அறிந்திருப்பர். ஒரே கேள்வியை மூவரிடம் கேட்க வேண்டும். மூவரும் ஒன்றையே கூறின் அதனை ஏற்கலாம். வேறுபடக் கூறின் சிறு பாத்தியில் முதலிற் பரீட்சித்துப் பார்த்தல் நன்று. நீர் இறைக்கும் வேளையிலும் நாற்று நடும் வேளையிலும் கேள்வியுடன் செல்லாது, மாலையில் ஓய்ந்திருக்கும்போது செல்வதே மரியாதை. “இங்கே எது நன்றாக வளரும்?” என்பதிலும் “இங்கே எது பட்டுப்போயிற்று?” என்னும் கேள்வியே அதிக பயன்தரும்.

முதற் கேள்வி: வளவு பாதுகாப்பானதா?

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரினால் ஆளின்றிக் கிடந்த வளவாயின், மண்வெட்டியை எடுக்குமுன் அது கண்ணிவெடி அகற்றப்பட்ட காணியா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிசெய்தல் வேண்டும். ஐயத்துக்கிடமான இரும்புப் பொருளைத் தொடாது பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். பற்றைக்குள் மறைந்த பாழுங்கிணறு, பழைய மலசலகூடக் குழி ஆகியன எங்குள்ளன என்பதையும் அயலவர் காட்டுவர்.

கிணற்று நீர்

குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக் கற்பாறை உள்ளது. மழைநீர் அதன் வெடிப்புகள் வழியே இறங்கி, கனங்கூடிய கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்பின், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே நீர்மட்டம் நிலையாக 1 அடி தாழ்ந்தால் அடியிலுள்ள உவர் 40 அடி வரை மேலெழக்கூடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குச் சான்றாகும்.

இக்காரணத்தாற் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் அவசியம்:

1. ஆவணி, புரட்டாதி மாதங்களில் கிணற்று நீரின் சுவை மாறுகின்றதா?
2. இயந்திரத்தால் எவ்வளவு நேரம் இறைத்தபின் நீர் உவர்க்கின்றது?
3. கிணறு அண்மையில் ஆழமாக்கப்பட்டதா?

உவர்க்கும் கிணறாயின் ஒரே முறையில் நெடுநேரம் இறைக்காது, சிறிது சிறிதாக இறைத்தல் வேண்டும். கிணற்றை மேலும் ஆழமாக்குதல் கேட்டையே தரும். போஞ்சியும் வெங்காயமும் உவரை மிகக் குறைவாகவே பொறுக்கும். பீற்றூட்டும் தென்னையும் ஓரளவு தாங்கும்.

மலசலகூடக் குழியை எங்கு அமைப்பது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்க வேண்டும். அயலவரின் கிணறு எங்குள்ளது என்பதையும் மறத்தலாகாது. பாறை வெடிப்புகள் வழியே கழிவுநீர் விரைந்து பரவும்; ஒரு வீட்டாரின் கவனக்குறைவு அயல்வீட்டுக் குழந்தையின் நோயாக முடியலாம்.

மண்ணும் காலமும்

வலிகாமத்தின் செம்மண் நிலத்திலும் பாறை எத்தனை அடியில் உள்ளது என்பது இடத்திற்கிடம் மாறும். மா, பலா முதலியவற்றை நாட்ட எண்ணும் இடத்தில் அலவாங்கால் இறக்கிப் பார்த்தலுடன், அயல் வளவிற் குழி வெட்டியவரையும் கேட்க வேண்டும்.

ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்றது. மழை வெள்ளம் வளவின் எம்மூலையில் எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கோடையில் வந்தவர் அறியமாட்டார். அம்மூலையிற் பப்பாசியை நாட்டினால் வேர் அழுகிவிடும். மரக்கன்றுகளை முதல் மழையுடன் நாட்டலாம். கத்தரி, மிளகாய் நாற்றுகளை அவ்வூரில் எப்போது நடுகின்றனர் என்பதைக் கேட்டு நடுவதே நன்று.

முன்னர் அவ்விடத்திற் கத்தரி, தக்காளி திடீரென வாடி இறந்தனவா என்பதையும் வினவ வேண்டும். வாடிய செடியின் தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால்போன்ற கசிவு இறங்குமாயின் அது பற்றீரியா வாடல் நோயாகும். அந்நிலத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றைச் சில ஆண்டுகள் தவிர்த்தல் வேண்டும்.

நடுபொருளும் வீட்டுப் பொருளும்

நாட்டுக் கத்தரி, பயற்றை, கீரை விதைகளை அயலவரிடம் பெறலாம். ஆயின் கலப்பின விதையில் வந்த செடியின் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் இயல்பை அவ்வாறே தராது. ஆதலால் விதை எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்க வேண்டும். கறுத்தக்கொழும்பான், அம்பலவி போன்ற மா வகைகளுக்கு ஒட்டுக்கன்றே சிறந்தது. கொட்டையிலிருந்து முளைத்த கன்று தாய்மரத்தை ஒத்திருக்குமென நம்புதற்கில்லை.

வேலி அடைக்குமுன் எப்பக்க வேலி எவருக்குரியது என்பதை உறுதியின்படியும் அயலவர் முன்னிலையிலும் தெளிந்துகொள்ளல் வேண்டும். ஓரடி நிலத்திற்காகப் பல்லாண்டு பகை வளர்ந்த வேலிகள் உண்டு. பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவைக் கதியால்களை மழை தொடங்கியதும் ஊன்றலாம். இவை வேலியாதலுடன், பூவரசும் சீமைக்கிளுவையும் தோட்டத்திற்குக் குழையும் ஆட்டிற்குத் தீனியும் தருவன. கதியாலை விலைக்கு வாங்குமுன் அயலவர் வேலி வெட்டும் நாளை அறிந்தால் அவரிடமே பெறலாம்.

கிடுகு, பனையோலை, மாட்டெரு ஆகியன எவரிடம், எம்மாதத்தில் மலிவாகக் கிடைக்கும் என்பதையும் ஊரவரே அறிவர். மணல் வாங்கும்போது கொண்டுவருபவரிடம் அனுமதிப்பத்திரம் உண்டா எனப் பார்க்க வேண்டும். வீட்டு வேலைக்கென வளவிலுள்ள பலாவையோ பெண்பனையையோ தறிக்க எண்ணுவோர், 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி தேவை என்பதை அறிந்து, முதலிற் பிரதேச செயலகத்தில் விசாரித்தல் வேண்டும்.

எதனை ஏற்கலாகாது?

அயலவர் கூறுவன யாவும் சரியென்று கொள்ளுதலும் தவறு. பூச்சிநாசினியை இருமடங்கு கலந்தால் விரைவிற் பயன்தரும் என்பதும், இலை மஞ்சளித்தால் யூரியாவே மருந்து என்பதும் சில இடங்களில் வழங்கும் கூற்றுகள். நாசினியின் அளவு கொள்கலச் சீட்டிற் குறித்தபடியே இருத்தல் வேண்டும். இலை மஞ்சளிப்பதற்கு உவர்நீரும், வேர் அழுகலும், பிற சத்துக்குறைவும் காரணமாகலாம். இவற்றில் ஐயமுள்ளோர் பாதிக்கப்பட்ட செடியுடன் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காணலாம்; அல்லது திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம்.

கேட்டறிந்தவற்றை ஒரு கொப்பியில் திகதியுடன் குறித்து வைத்தல் நன்று. ஓராண்டு முடிவில் அக்கொப்பி அவ்வளவிற்கே உரிய கைந்நூலாகும். அறிவுரையும் விதையும் தந்தவருக்கு முதல் அறுவடையில் ஒரு பங்கைக் கொடுக்க மறத்தலாகாது. அடுத்த ஆண்டு அவ்வொழுங்கைக்குப் புதிதாக வருபவர் இதே கேள்விகளுடன் வந்து நிற்பர். அவர்களுக்கு விடைகூற இக்கொப்பி உதவும்.