பேசச் சொல்லும் பாடத்திட்டம், பேச்சைக் கேட்காத தேர்வு

ஜப்பானின் கல்வி அமைச்சகம் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பாடத்திட்டத்தைத் திருத்துகிறது. கடைசித் திருத்தத்தில் ஆங்கிலம் பெரிதாக மாறியது. 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் அது முறையான பாடம். ஆண்டுக்கு 70 பாடவேளை. மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு 35. தொடக்கப் பள்ளியில் 600 முதல் 700 சொற்கள், அடுத்து வரும் மூன்றாண்டு நடுநிலைப் பள்ளியில் மேலும் 1,600 முதல் 1,800. பேசுதலையே உரையாடல், எடுத்துரைத்தல் என்று இரண்டு தனித் திறன்களாக்கிவிட்டார்கள். காகிதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் 2023இல் நடுநிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு நடந்த நாடு தழுவிய திறனறித் தேர்வில், பேச்சுப் பகுதியின் சராசரிச் சரிவிடை 12.4 சதவீதம்தான். அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒரு கேள்விக்குக்கூடச் சரியாகப் பதில் சொல்லவில்லை. கேள்விகள் கடினம் என்ற புகாரில் நியாயம் உண்டு. ஆனாலும் இத்தனை பேர் வாயடைத்துப் போனதற்கு அது மட்டும் காரணமாக முடியாது.

எதற்கு மதிப்பெண் உண்டோ அதைத்தான் வகுப்பறை நடத்தும். பல்கலைக்கழக நுழைவுக்கான பொதுத்தேர்வு 2021இல் புதிய வடிவம் பெற்றபோது வாசிப்புக்கு 100, கேட்டலுக்கு 100 என்று ஒதுக்கினார்கள். பேச்சுக்கு எதுவும் இல்லை. அந்தக் குறையைத் தனியார் நிறுவனங்களின் ஆங்கிலத் தேர்வுகளால் ஈடுகட்ட அரசு முன்பே திட்டமிட்டிருந்தது. கட்டணம் கட்ட முடியாதவர்களும் தேர்வு மையம் இல்லாத ஊர்க்காரர்களும் என்ன செய்வார்கள் என்று கேட்டால், அவரவர் தகுதிக்கேற்பப் போட்டியிடட்டும் என்ற பொருளில் கல்வி அமைச்சரே பேசினார். எழுந்த கொதிப்பில் 2019 நவம்பரில் திட்டம் தள்ளிப்போனது, 2021இல் கைவிடப்பட்டது. டோக்கியோ பெருநகரம் 2022இல் தானே ஒரு பேச்சுத் தேர்வைக் கொண்டுவந்து, உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையின் 1,020 மதிப்பெண்ணில் 20ஐ அதற்குக் கொடுத்தது. தேர்வு எழுதாதவர்களுக்கு மற்றவர்களின் மதிப்பெண்ணை வைத்து உத்தேசமாகப் போடும் ஏற்பாடு அங்கே பெரிய சர்ச்சையானது. என் பார்வையில் இரண்டு திட்டங்களுக்கும் கோளாறு ஒன்றே: பாடம் ஒரு பக்கம் நடக்க, மதிப்பீட்டை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுகிறார்கள்.

மதிப்பீட்டை முதலில் தீர்மானித்துப் பாடத்தைப் பின்னால் அமைப்பதே சரியான வரிசை. ஒரு பாட அலகின் முடிவில் மாணவர் தம் ஊரை வெளிநாட்டவருக்கு விளக்கி, அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எந்த இலக்கணம், எந்தச் சொற்கள், எத்தனை பயிற்சி என்பதெல்லாம் அந்த இலக்கிலிருந்தே பிறக்கும். மாணவரால் என்ன செய்ய முடியும் என்ற வடிவில் இலக்குகளை எழுதும்படி அமைச்சகமே 2013இல் கையேடு தந்தது. பல பள்ளிகளில் அது பட்டியலாகவே நின்றுவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

நேரம் எங்கே என்பது முதல் ஆட்சேபம். நாற்பது பேர் வகுப்பில் தலைக்கு இரண்டு நிமிடம் என்றாலே எண்பது நிமிடம். ஒரு பாடவேளையோ ஐம்பது. ஆனால் எல்லோரையும் ஒரே நாளில் சோதிக்கத் தேவையில்லை. எடுத்துரைத்தலைக் கைக்கணினியில் பதிவு செய்து பிறகு கேட்கலாம். உரையாடலுக்கு, 1987 முதல் ஓர் அரசுத் திட்டத்தின்கீழ் வெளிநாடுகளிலிருந்து வரும் துணை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உச்சரிப்பு மாதிரிக்கு மட்டும் அவர்களை நிறுத்துவது வீண். ஆசிரியர் போடும் மதிப்பெண்ணை நம்பலாமா என்பது அடுத்த ஆட்சேபம். அரசு உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் நடுநிலைப் பள்ளி ஆசிரியரின் மதிப்பீட்டறிக்கை ஏற்கெனவே கணக்கில் வருகிறது. கற்கும் முனைப்பு என்ற, அளவிடவே கடினமான ஒன்றுக்குக்கூட அவர்தான் தரம் போடுகிறார்! அவரை இரண்டு நிமிடப் பேச்சுக்கு நம்ப மறுப்பது விசித்திரம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு சில பதிவுகளைச் சேர்ந்து கேட்டு அளவுகோலை ஒப்பிட்டுக்கொண்டால் சார்பும் குறையும். பல்கலைக்கழகத் தேர்வு மாறாதவரை உயர்நிலைப் பள்ளியில் இது முழுமையாக நடக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியரின் மதிப்பீட்டுக்கு ஏற்கெனவே எடை இருக்கும் நடுநிலைப் பள்ளியில் தொடங்க அந்தத் தடை இல்லை.