இரண்டு பாதத்திலும் கட்டைவிரல்

எகிப்தியச் சுவரோவியம் ஒன்றை மனதில் கொண்டுவாருங்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்ததே போதும். முகம் பக்கவாட்டில் இருக்கும். அந்த முகத்தில் இருக்கும் கண் மட்டும் நேராக நம்மைப் பார்க்கும். தோள்கள் இரண்டும் அகலமாக நம் பக்கம் திரும்பியிருக்க, இடுப்புக்குக் கீழே கால்கள் மறுபடியும் பக்கவாட்டில் நடக்கும். பாதம் இதைவிட வேடிக்கை. பெரும்பாலான படங்களில் இரண்டு பாதத்திலும் கட்டைவிரல்தான் நமக்குத் தெரிகிறது. இரண்டையுமே உள்பக்கத்திலிருந்து வரைந்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பாவம், அந்தக் காலத்து ஆட்களுக்குச் சரியாக வரையத் தெரியவில்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, இது நிஜமா என்று பார்ப்போம்.

கெய்ரோ அருங்காட்சியகத்தில் கா-அப்பேர் என்ற அதிகாரியின் மரச்சிலை இருக்கிறது. வயது சுமார் 4,500 ஆண்டுகள். தொந்தி, உருண்டை முகம், படிகக்கல் பதித்த கண், கையில் தடி. 1860 வாக்கில் சக்காராவில் மரியெத் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டியபோது இது வெளியே வந்தது. பார்த்த கூலியாட்கள் தங்கள் ஊர்த் தலைவரைப் போலவே இருக்கிறதே என்று வியந்தார்கள். இன்றைக்கும் ‘ஊர்த் தலைவர்’ என்பதுதான் அந்தச் சிலையின் பெயர். நம் கோவை மாவட்டத்துச் சூலூர்ப் பக்கம் கிடைத்திருந்தால் ஊர்க்கவுண்டர் என்றிருப்பார்கள். இப்படி ஒரு உடம்பை மரத்தில் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, சுவரில் தோளைத் திருப்பி வரைய மட்டும் தெரியாமல் போயிருக்குமா? தெரியாமையால் அல்ல, வேண்டுமென்றேதான் அப்படி வரைந்தார்கள்.

வீடு கட்ட இன்ஜினியர் போட்டுத் தரும் பிளானை எடுத்துக்கொள்வோம். அறைகளை மேலிருந்து பார்த்தபடி போட்டிருப்பார். அதே தாளின் ஓரத்தில் வாசல் பக்கத்தை முன்னாலிருந்து பார்த்தபடி போட்டிருப்பார். ஒரே நேரத்தில் ஆகாயத்திலும் தெருவிலும் எப்படி நின்றாய் என்று அவரை யாரும் கேட்பதில்லை. நமக்கு வேண்டியது அளவு, அது எங்கிருந்து முழுதாகத் தெரியுமோ அங்கிருந்து போட்டிருக்கிறார். எகிப்திய ஓவியரும் உடம்பை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மூக்கும் தாடையும் பக்கவாட்டில்தான் தெளிவு. கண்ணும் தோளும் நேராகப் பார்த்தால்தான் முழுமை. பாதத்தின் வளைவு தெரிய வேண்டுமென்றால் உள்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். உடம்புக்கு மட்டும் என்றில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் நெபாமுன் கல்லறை ஓவியத்தில் குளத்தை மேலிருந்தும், அதைச் சுற்றி நிற்கும் மரங்களைப் பக்கவாட்டிலும் பார்க்கலாம்.

இவ்வளவு மெனக்கெடுவானேன்? கல்லறைக்குள் இருந்த படம் வெறுமனே பார்த்து ரசிப்பதற்காகப் போட்டதல்ல, இறந்தவருக்குப் பயன்படப் போட்டது. அங்கே உடம்பு குறைவில்லாமல் இருக்க வேண்டும். சிலைக்கும் மம்மிக்கும் ‘வாய் திறப்பு’ என்றொரு சடங்கு உண்டு. தச்சர் கையிலிருக்கும் வாய்ச்சியைப் போன்ற கருவியால் வாயைத் தொட்டால் உண்ணவும் மூச்சுவிடவும் வல்லமை வரும் என்பது நம்பிக்கை. நமக்கு இது புரியாத விஷயமல்ல. நம் கோயில்களில் ஸ்தபதி கண் திறக்கும் வரை சிலை வெறும் கல்தான்.

அளவு விஷயம் இன்னும் சுவையானது. காவியில் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துத் தெறிக்கவிட்டுக் கட்டம் போட்டார்கள். நிற்கும் ஆளுக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டம். முழங்கால் ஆறாவது கோட்டில், முழங்கை பன்னிரண்டு வாக்கில், தோள் பதினாறில். ஆள் சாண் உயரமானாலும் சுவர் உயரமானாலும் கணக்கு மாறாது. ஹோரெம்ஹெப் மன்னரின் கல்லறையில் வேலை பாதியில் நின்றுவிட்டதால், சிவப்பில் போட்ட முதல் கோடும் அதன்மேல் கறுப்பில் போட்ட திருத்தமும் இன்றும் அப்படியே தெரிகின்றன.

சூலூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், அவிநாசியை ஒட்டி, திருமுருகன்பூண்டி இருக்கிறது. சாலையோரச் சிற்பக்கூடங்களில் உளிச் சத்தம் கேட்டபடி இருக்கும். நம் சிற்ப நூல்களின் கணக்கும் இதே சாதிதான். அதில் தாளம் என்பது முகத்தின் நீள அளவு. சிவன், திருமால் போன்ற பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம்: சிலையின் உயரத்தை 124 பாகமாக்கினால் ஒரு பாகம் ஓர் அங்குலம். இது ஸ்கேலில் இருக்கும் அங்குலம் அல்ல. சிலை வளர்ந்தால் அங்குலமும் வளரும். அம்மனுக்கு 120. பிள்ளையாருக்கு ஐந்து தாளம்தான், அதனால்தான் தலை பெரிதாகவும் ஆள் குட்டையாகவும் இருக்கிறார். சுவாமிமலையில் செப்புத் திருமேனி செய்பவர்கள் தென்னங்கீற்று ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, கணக்குப்படி மடித்து மடித்து அளவு குறிக்கிறார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர்.

திருகிய உடம்புக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. பேரூர்க் கோயில் கனகசபையின் தூண் ஒன்றில் யானையை உரித்த சிவன் நிற்கிறார். சூலூரிலிருந்து கோவை டவுனுக்குள் போய்ப் பஸ் மாறினால் பார்த்துவிடலாம். இதே கதையைச் சோழர் காலத்தில் செய்த வழுவூர்ச் செப்புத் திருமேனியில் உடம்பு இடுப்பில் அப்படித் திருகியிருக்கிறது. மருத்துவர் பார்த்தால் முதுகெலும்பு தாங்காது என்பார். அங்கே அவருக்கு வேலையில்லை.

எகிப்தின் கணக்கு மூவாயிரம் ஆண்டும் அசையாமல் இருந்தது என்று சொல்வதும் முழு உண்மையல்ல. அகநாதென் மன்னர் காலத்தில், கி.மு. 14ஆம் நூற்றாண்டில், 18 கட்டம் 20 ஆயிற்று. கழுத்து நீண்டது, வயிறு சரிந்தது, மன்னரே அப்படித்தான் வரையச் சொல்லியிருக்க வேண்டும். அவர் போனதும் பழைய கணக்கு திரும்பிவிட்டது. கி.மு. 7ஆம் நூற்றாண்டு வாக்கில் கட்டத்தைச் சிறிதாக்கி, மேல் இமை வரை 21 என்று வைத்தார்கள்.

உண்மையான மாற்றம் ரோமர் ஆட்சியில் வந்தது. ஃபையூம் பகுதியில் மம்மியின் முகத்தின்மேல் வைத்துக் கட்டிய பலகை ஓவியங்களில் ஆட்கள் நம் பக்கம் திரும்பிவிட்டார்கள். மூக்கோரம் நிழல், கண்ணில் ஒளிப்புள்ளி, மீசை முளைக்காத பையன், காதணி போட்ட பெண். ஏறக்குறைய அதே காலத்தில் நம்மவர்களும் அந்த நாட்டில் இருந்தார்கள். செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில், ‘பானை ஒறி’ (உறியில் வைக்கும் பானை) என்று தமிழ்பிராமியில் கீறிய ஓடு கிடைத்திருக்கிறது. அதை எழுதியவர் இப்படிப்பட்ட பலகை எதையும் பார்த்தாரோ என்னவோ.

அதன்பின் எகிப்தின் பழைய சித்திர எழுத்தும் சுருங்கிக்கொண்டே போயிற்று. அந்த எழுத்தில் தேதி போட்டுக் கிடைத்திருக்கும் கடைசிக் கல்வெட்டு பிலே தீவுக் கோயிலில், கி.பி. 394இல் வெட்டியது. கட்டம் போட்டு உடம்பு வரையும் தொழிலும் அங்கே நின்றுபோனது. இங்கே 124 பாகக் கணக்கில் இன்னும் சிலை செய்கிறார்கள்.