மார்க்கு இருக்கிறது, கடை இல்லை: எல்.சி. செய்தி எங்கே நிற்கிறது?

"எல்.சி. திறந்தாயிற்று, செய்தி போய்விட்டது" என்கிறது வங்கி. சரக்கு அனுப்ப வேண்டியவரோ தனது வங்கிக்கு எதுவும் வரவில்லை என்கிறார். கப்பலில் இடம் பிடித்து வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் நட்டம். சென்ற வருடம் எனக்கும் ஒரு வங்கியில் இரண்டு நாள் இப்படிப் போயிற்று. விசாரித்தபோது, "அலியாஸ் கியூவில் பிழை" என்றார்கள். அதன் பொருளைக் கேட்டறிந்ததில், நம் வர்த்தகர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டுமென்று பட்டது.

பல வங்கிகளில் கணக்கு மென்பொருளும் ஸ்விஃப்ட் வலையமைப்புக்கு அனுப்பும் மென்பொருளும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. இடையில் வரிசை மென்பொருள் ஒன்று இருக்கும். ஐ.பி.எம். நிறுவனம் 1993இல் எம்.கியூ.சீரிஸ் என்று வெளியிட்டது இன்று ஐ.பி.எம். எம்.கியூ என்ற பெயரில் இருக்கிறது. ஒருவர் செய்தியை வரிசையில் வைப்பார், மற்றவர் எடுப்பார். எடுப்பவர் மூடியிருந்தாலும் செய்தி காத்திருக்கும்.

அலியாஸ் என்பது அந்த வரிசைக்கு வைத்த மாற்றுப் பெயர் மட்டுமே. புறக்கோட்டையிலிருந்து லொறியில் ஏற்றும் மூட்டைக்கு நாம் மார்க்கு போடுகிறோம் அல்லவா, அது போல. மார்க்குக்குள் சரக்கு இருக்காது, சரக்கு ஸ்டோரில்தான். ஸ்டோரை மாற்றினாலும் மார்க்கு அப்படியே இருக்கலாம். அலியாஸ் வைப்பதன் வசதியும் அதுவே.

சிக்கலும் அங்கேதான். அலியாஸ் ஒன்றைப் பதியும்போது, அது சுட்டும் மூல வரிசை உண்மையில் இருக்கிறதா என்று எம்.கியூ பார்ப்பதில்லை. செய்தி வைக்க வரிசையைத் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அப்போது வரும் இலக்கம் கோளாறைக் காட்டிக்கொடுக்கும். 2085 என்றால் கேட்ட பெயரே அங்கு இல்லை. 2082 என்றால் அலியாஸ் இருக்கிறது, மூல வரிசை இல்லை. 2001 என்றால் அலியாஸ் சுட்டக்கூடாத ஒன்றைச் சுட்டுகிறது, உதாரணமாக இன்னொரு அலியாஸை. 2035 என்றால் அனுமதி இல்லை. இதில் பலர் ஏமாறுகிறார்கள்: மூல வரிசைக்கு அனுமதி கொடுத்துவிட்டு இருப்பார்கள், ஆனால் எம்.கியூ பார்ப்பது மென்பொருள் திறந்த பெயருக்கு, அதாவது அலியாஸுக்கு, அனுமதி உண்டா என்பதையே.

எழுத்தும் சதி செய்யும். ஆங்கிலச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் எம்.கியூவுக்கு வேறு வேறு. கட்டளையில் மேற்கோள் குறி போடாமல் பெயரைத் தட்டினால் எல்லாம் பெரிய எழுத்தாகப் பதிவாகும். கண்ணுக்கு ஒரே பெயர், கணனிக்கு இரண்டு.

இவற்றில் இலக்கமாவது வரும். இலக்கமே வராத கோளாறுதான் என் கணக்கில் மோசமானது. கணனி நின்று மீண்டும் இயங்கும்போது செய்தி பிழைத்திருக்க வேண்டுமானால் அது பெர்சிஸ்டன்ட் செய்தியாக இருக்க வேண்டும். அதை மென்பொருள் தானே குறிப்பிடாமல் வரிசையின் இயல்புக்கு விட்டுவிட்டால், எம்.கியூ முதலில் திறந்த பெயரின் இயல்பையே, அதாவது அலியாஸில் எழுதியிருப்பதையே எடுக்கும். மூல வரிசையில் "ஆம்" என்று இருந்தும் அலியாஸில் "இல்லை" என்றே விட்டிருந்தால், மின்சாரம் போய் வந்தபின் அந்தச் செய்தி இருக்காது. யாரும் எச்சரிக்கவும் மாட்டார்கள்.

இதையெல்லாம் திருத்துவது வங்கிக்காரர் வேலை. நம் பங்குக்குக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "அனுப்பியாயிற்று" என்ற வாய்ச் சொல்லோடு எழும்பி வராதீர்கள். கணக்கு மென்பொருளில் "அனுப்பப்பட்டது" என்று காட்டுவது வரிசை வரைக்கும் போனதைத்தான் குறிக்கலாம். ஸ்விஃப்ட் வலையமைப்பு செய்தியை ஏற்றுக்கொண்டால் 'அக்' என்ற ஒப்புதலைத் திருப்பி அனுப்பும். எம்.டி. 700 பிரதியை அந்த ஒப்புதலோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால், தேட வேண்டியது இங்கல்ல, சரக்கு அனுப்புபவரின் வங்கிப் பக்கத்தில்.