அம்மைக்குத் திடீரென்று ஓர்மை தப்பினால்

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்தாவ டாக்டரே, காலையில எந்திரிச்சதும் ஒரு மாதிரி பேசுதாவ." குமரி மாவட்டத்தில் திருவட்டாறு, அருமனை, குலசேகரம் பக்கத்திலிருந்து முதியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர்கள் வாசலில் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மகன் வளைகுடாவில் இருப்பான், மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்திருக்கும். வீட்டில் அம்மையும் அப்பாவும் மட்டும். ஆட்டோ பிடிக்கிறவர் பக்கத்து வீட்டுக்காரர்.

2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அறுபது வயது கடந்தவர்கள் கேரளத்தில் நூற்றுக்கு 16.5 பேர், தமிழ்நாட்டில் 13.6 பேர். இந்திய மாநிலங்களில் முதலிரண்டு இடமும் இவற்றுக்குத்தான். இரண்டுக்கும் எல்லையில் இருக்கிற நம் ஊர்களில் தெருவுக்கு நாலு வீட்டில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எதிர்பாராமல் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் வீட்டு ஆட்கள் என்ன செய்யலாம் என்பதைத் தெரிந்துகொள்வது அவசரமான காரியம் என்று நினைக்கிறேன். டாக்டரும் நர்சும் அவர்கள் வேலையைச் செய்வார்கள். ஆனால் அம்மை எந்த நிலையில் வீடு திரும்புவார் என்பதில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இது கிறுக்கு அல்ல

என் பெரியம்மை மூத்திரக் கிருமித்தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, டிரிப் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். "மக்களே, பாலுக்கு ஆசிட் ஊத்தினியா? ஷீட் அடிக்கணுமே, நேரம் ஆச்சு" என்று கேட்டார். ஆயுள் முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்தவர். கட்டிலின் இரும்புக் கம்பியைத் தடவித் தடவி, ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரின் கைப்பிடியைத் தேடினார். அடுத்த கட்டிலுக்குக் கூட வந்திருந்தவர்கள் "பயந்திருக்காவ, ஒரு கயிறு கட்டணும்" என்றார்கள். இன்னொருவர் "வயசாச்சுல்லா, இனி இப்படித்தான்" என்றார்.

இரண்டுமே சரியல்ல. மருத்துவர்கள் இதை டெலிரியம் என்பார்கள். உடம்பில் வேறெங்கோ இருக்கும் கோளாறு மூளையைத் தற்காலிகமாகக் கலக்கிவிடுகிற நிலை இது. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். டெலிரியம் சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் வந்துவிடும். காலையில் தெளிவாகப் பேசுகிறவர் அந்தி சாய்ந்ததும் குழம்புவார். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மூத்திரத் தொற்று, நிமோனியா, சர்க்கரை தாழ்வது, மூத்திரம் அடைத்துக்கொள்வது, பல நாள் மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, தூக்க மாத்திரை என்று காரணங்கள் பல. முன்பே மறதி இருப்பவர்களுக்கு எளிதில் வரும்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். கவனம் தப்புவது சத்தமில்லாத டெலிரியம்தான். பகலெல்லாம் மயங்கிக் கிடப்பார், கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். "நல்லா உறங்குதாவ, தொந்தரவே இல்ல" என்று நாம் நிம்மதியடைவோம். வழக்கத்துக்கு மாறான அந்த உறக்கத்தை நர்சிடம் சொல்ல வேண்டும். அம்மையின் வழக்கம் எது என்று அந்த வார்டில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

உப்பு குறைந்து போவது

இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணம் உப்பு, அதாவது சோடியம், குறைவது. "சோடியம் குறைஞ்சிட்டு" என்ற பேச்சு இப்போது கல்யாண வீட்டிலும் கேட்கிறது. இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு இது தாழ முக்கியக் காரணம் ஒன்று உண்டு. பிரஷர் மாத்திரைகள் சிலவற்றில் தயசைடு வகை நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கும். அது மூத்திரம் வழியாக உப்பை வெளியேற்றும். அத்தோடு, பிரஷர் என்று பயந்து கஞ்சியில் உப்பே போடாமல் குடிப்பார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் இன்னும் குறையும். முதலில் தளர்ச்சி, குமட்டல், நடையில் தடுமாற்றம். பிறகு பேச்சு குழறும். மிகவும் தாழ்ந்தால் வலிப்பு வரும்.

"உப்புதானே குறைவு, ஒரே நாளில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாதா?" என்று டாக்டரிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடாது. ஒரு நாளில் சுமார் 8 மில்லிமோலுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள். நாட்பட்ட குறைவை வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்து, கை கால் விழுந்துபோகும் அபாயம் இருக்கிறது. அடிக்கடி இரத்தம் எடுப்பதும், நாலைந்து நாள் படுக்கச் சொல்வதும் அதற்காகத்தான். வீட்டில் நாமாக உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். சிலருக்கு உடம்பில் நீர் கூடியதால் சோடியம் தாழ்ந்திருக்கும். அவர்களுக்குத் தண்ணீரையே குறைக்கச் சொல்வார்கள்.

எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

1838-இல் நெய்யூரில் மிஷன் வைத்தியம் தொடங்கிய மாவட்டம் இது. இன்று ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, குலசேகரத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி, தக்கலையிலும் குழித்துறையிலும் அரசு மருத்துவமனைகள், எல்லை தாண்டினால் திருவனந்தபுரம். எங்கே போவது என்று குடும்பத்தில் தர்க்கம் வருவதும் இதனால்தான். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது திடீரென்று வந்தால் தர்க்கத்துக்கு நேரமில்லை. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் வாங்கிய கஷாயக் குப்பியும் லேகியமும் அதில் வேண்டும். அப்பா தினமும் குடிப்பவர் என்றால் கூச்சப்படாமல் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். குடி திடீரென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும் வரலாம், முன்பே தெரிந்தால் தடுக்கலாம். ரேஷன் கார்டும் ஆதாரும் கையில் இருக்கட்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. திருவனந்தபுரம் போவதாக இருந்தால், அந்த ஆஸ்பத்திரியில் கார்டு செல்லுமா என்று கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டூலில் இருக்கும் ஆள்

1999-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஷாரன் இனோயி 852 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு டெலிரியம் வந்தது. வேறு சில காரியங்களும் சேர்த்துச் செய்யப்பட்டவர்களில் அது 9.9 ஆகக் குறைந்தது. அந்தக் காரியங்களில் விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுவிட்டார்கள், காது கேட்க உதவினார்கள், நாளும் இடமும் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார்கள், எழுப்பி நடக்க வைத்தார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள், ராத்திரி தூங்கவிட்டார்கள். அங்கே பயிற்சி பெற்ற தொண்டர்களை வைத்துச் செய்த வேலை இது. நம் ஊரில் ஒவ்வொரு கட்டிலுக்கும் கூட நிற்க ஆள் இருக்கிறது. அந்த ஆள் மருந்துச் சீட்டோடு பார்மசிக்கு ஓடுவதோடு நின்றுவிடுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்த கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் முதலில் கொண்டுவாருங்கள். காலையில் ஜன்னலைத் திறந்து, "அம்மா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, நாம ஆஸ்பத்திரியில இருக்கோம், மூத்திரத்துல கிருமி, மருந்து போவுது" என்று சொல்லுங்கள். மதியமும் சொல்லுங்கள். ஷீட் அடிக்கணும் என்று அவர் எழுந்தால் "இங்க ஏது ரப்பர்" என்று வாதாட வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு "அதை மாமா பாத்துக்கிடுவாவ, நீங்க படுங்க" என்றால் போதும். கையைக் கட்டினால் கலக்கம் கூடும்.

டாக்டர் அனுமதித்தால் தினமும் எழுப்பி நடத்துங்கள். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயாளிக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மூத்திரக் குழாய் போட்டிருந்தால் "இது இன்னும் தேவையா?" என்று ரவுண்ட்ஸில் மரியாதையாகக் கேளுங்கள். அது நீளும் ஒவ்வொரு நாளும் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. எழ முடியாதவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தால் முதுகில் புண் வரும் வாய்ப்பு குறையும்.

பார்க்க வரும் உறவினர்களைச் சமாளிப்பதும் இந்த ஆளின் பொறுப்பே. பாசத்தில் இளநீரும் ஆர்லிக்ஸும் கொண்டுவருவார்கள். அரை மயக்கத்தில் படுத்திருப்பவர் வாயில் ஸ்பூனால் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். நன்றாக விழித்திருக்கும்போது, நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் எதையும் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் ஆபத்து.

கூட நிற்பதை மருமகள் ஒருத்தி தலையில் வைக்கிற வழக்கத்தை நாம் விட வேண்டும். ராத்திரி முழிக்கிறவர் பகலில் உறங்க வேண்டும், அதற்கு மாற்று ஆள் வேண்டும். துபாயில் இருக்கும் மகனுக்கும் வேலை உண்டு. சாயங்காலம், குழப்பம் தொடங்கும் நேரத்தில், வீடியோவில் வந்து அம்மையிடம் பழைய கதை பேசலாம். டாக்டரிடம் பேசுவதை மட்டும் குடும்பத்தில் ஒருவரிடம் விட்டுவிடுங்கள். ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்டால் பதிலும் ஐந்தாகத்தான் காதில் விழும்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது பழைய மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும் என்று பெயர் பெயராகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்திய நீர் மாத்திரையை வீட்டு டப்பாவிலிருந்து எடுத்து மறுபடி விழுங்கி, அதே வார்டுக்குத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. சோடியம் குறைந்து சேர்ந்தவர்களுக்கு மறு பரிசோதனை எந்தத் தேதியில் என்றும் கேளுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளுக்கும் இயன்முறைப் பயிற்சிக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே ஆள் வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிந்துகொள்ளலாம். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணை, வீட்டில் தனியாக இருப்பவர்களின் போனில் சேமித்துவைக்கலாம்.

சிலருக்குக் குழப்பம் முழுவதும் தெளிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். அதுவரை அம்மையைத் தனியாக அடுப்படியில் விடாதீர்கள், மாத்திரையை நீங்களே எடுத்துக்கொடுங்கள். பாத்ரூம் போகும் வழியில் ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும். மூன்று மாதம் கழித்தும் மறதி தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் நல மருத்துவரிடமோ காட்டுங்கள். போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.